பெல்ற் அறுந்தாலும் வண்டி ஓடும்

மலையகத்திலிருந்து வரும் விபத்துச் செய்திகளில் ஒரு வாக்கியம் தேய்ந்த நாணயம் போலப் புழங்கி வருகின்றது. 'பள்ளத்தில் இறங்கிக்கொண்டிருந்த வாகனத்தின் பிறேக் செயலிழந்ததால், அது பாதையை விட்டு விலகிக் கவிழ்ந்தது' என்பதே அவ்வாக்கியம். பிராந்திய நிருபர் தொலைபேசியில் சொல்வார்; செய்தி ஆசிரியர் எழுதிக்கொள்வார்; மறுநாட் காலையில் அது அச்சில் வந்துவிடும். பிறேக் ஏன் செயலிழந்தது என்ற கேள்விக்கு மூன்று அங்குலச் செய்தியில் இடமிருப்பதில்லை. பொலிஸார் மேலதிக விசாரணைகளை மேற்கொண்டு வருகின்றனர் என்ற வரியோடு செய்தி முடிந்துவிடும். அந்த விசாரணையின் முடிவு பெரும்பாலும் பத்திரிகைக்கு வருவதில்லை.

பிறேக் செயலிழப்பதற்குப் பல காரணங்கள் உண்டு. எண்ணெய் ஒழுகலாம். நீண்ட இறக்கத்தில் காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிப்பு இல்லாமற் போகலாம். இவை பலரும் அறிந்தவை. அதிகம் பேர் அறியாத காரணம் ஒன்று எஞ்சினின் முன்பக்கத்தில் சுழன்றுகொண்டிருக்கின்றது. ஒரு முழ நீளத்துக்குச் சற்றுக் கூடவோ குறையவோ உள்ள இறப்பர் வளையம் அது. பான் பெல்ற் என்று நாம் அழைப்பது. தமிழில் வார்ப்பட்டி என்று எழுதலாம்தான். ஆனால் அப்படிக் கேட்டால் எந்தக் கடையிலும் ஒரு பெல்ற்றும் கிடைக்காது. ஆகையால் பெல்ற் என்றே எழுதுகின்றேன்.

பெயரிலிருந்தே தொடங்கலாம். பான் பெல்ற் என்றால் விசிறியைச் சுழற்றும் பெல்ற் என்று பொருள். யாழ்ப்பாணத்து வீதிகளில் நீண்ட காலம் ஓடிய ஓஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் போன்ற கார்களில் ஒரேயொரு பெல்ற்தான் இருந்தது. அது விசிறியையும் தண்ணீர்ப் பம்பையும் மின்சாரம் தரும் டைனமோவையும் சுழற்றியது. அக்கார்களின் ஸ்ரியரிங்கைத் திருப்பியது சாரதியின் தோள்; பிறேக்கை அழுத்தியது அவருடைய கால். பெல்ற் அறுந்தால் எஞ்சின் கொதிக்கும், பற்றரி இறங்கும், அவ்வளவுதான். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு நிழலில் இருக்கலாம்.

இன்றைய நான்கு சில்லு இயக்க வண்டியின் கதை வேறு. பெயர் மாறவில்லை, வேலைகள் கூடிவிட்டன. தண்ணீர்ப் பம்ப், விசிறி, அல்ரனேற்றர், பவர் ஸ்ரியரிங் பம்ப், குளிரூட்டியின் கொம்பிறசர் ஆகிய யாவும் கிறாங்க் கப்பியிலிருந்து பெல்ற்றின் மூலமே தமது சுழற்சியைப் பெறுகின்றன. இவற்றோடு இன்னொன்றும் பல டீசல் வண்டிகளில் மறைவாகச் சேர்ந்துகொள்கின்றது. இக்கட்டுரை எழுதுவதன் நோக்கமே அதுதான்.

பிறேக் மிதியை நாம் இலேசாகத்தான் அழுத்துகின்றோம். அந்த இலேசான அழுத்தத்தைப் பெருக்கித் தருவது பூஸ்ரர் என்னும் வட்டமான தகரப் பெட்டி. அது வேலை செய்வதற்கு அதனுள்ளே காற்றுக் குறைவு, அதாவது வெற்றிடம் வேண்டும். பெற்றோல் எஞ்சின் காற்றை உறிஞ்சும் வழியில் ஒரு கதவு இருக்கின்றது. அது மூடியிருக்கும்போது உள்ளே வெற்றிடம் தானாகவே உண்டாகும். பழைய டீசல் எஞ்சினில் அத்தகைய கதவு இல்லை. ஆகவே வெற்றிடத்தை உண்டாக்குவதற்கென்று தனியாக ஒரு பம்ப் வேண்டியிருக்கின்றது. நம் நாட்டில் ஏராளமாக ஓடும் மிற்சுபிசி பஜேரோ, எல்200 டபிள் கப் ஆகியவற்றின் 2.5 லீற்றர் 4டி56 டீசல் எஞ்சினில் அந்த வக்கியூம் பம்ப் அல்ரனேற்றரின் முதுகில் பொருத்தப்பட்டிருக்கின்றது. இரண்டும் ஒரே தண்டில் சுழல்கின்றன. வேறு பல ஜப்பானிய டீசல் வண்டிகளிலும் இதே அமைப்புத்தான்.

இப்போது கணக்கைக் கூட்டிப் பாருங்கள். பெல்ற் அறுந்தால் அல்ரனேற்றர் நிற்கும். அல்ரனேற்றர் நின்றால் வக்கியூம் பம்ப் நிற்கும். பம்ப் நின்றால் பூஸ்ரருக்குள் மிச்சமிருக்கும் வெற்றிடம் ஓரிரு மிதிகளுக்கு மட்டுமே போதும். அதன்பிறகு மிதி கல்லாகிவிடும். பிறேக் முற்றாக இல்லாமற் போவதில்லை. எண்ணெய் அழுத்தம் இருக்கும். ஆனால் வழக்கத்தைவிடப் பலமடங்கு பலத்தோடு மிதிக்க வேண்டும். அதை அறியாத சாரதி, மிதி இறங்கவில்லை என்றதும் பிறேக் போய்விட்டது என்றே எண்ணுவார். எண்ணிக்கொண்டிருக்கும் அந்த இரண்டு விநாடிகளில் வளைவு வந்துவிடும்.

இதை நான் புத்தகத்தில் படித்து அறியவில்லை. 2003ஆம் ஆண்டு, தோட்டத் தொழிலாளர் சம்பளப் பிரச்சினை தொடர்பாகச் செய்தி சேகரித்துவிட்டு நுவரெலியாவிலிருந்து கண்டிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கின்றது. கண்டி சுமார் 500 மீற்றர். இடையிலுள்ள உயரம் முழுவதையும் லபுக்கலை, றம்பொடை, புசல்லாவை என்று வளைந்து வளைந்து இறங்கித்தான் தீர்க்கவேண்டும். அலுவலகத்தின் டபிள் கப் வண்டி. சாரதி என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், வடமராட்சிக்காரர். லபுக்கலைத் தேயிலைத் தோட்டத்தைக் கடந்த சிறிது நேரத்தில் முன்பலகையில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது.

"அண்ணை, பற்றரி விளக்கு எரியுதே?" என்றேன்.

"பற்றரியில்லைத் தம்பி. பெல்ற் போட்டுது. இனிப் பிறேக்கும் கொஞ்ச நேரத்துக்குத்தான்" என்றார். குரலில் எந்தப் பதற்றமும் இல்லை.

அவர் பிறேக்கைத் தொடவேயில்லை. கியரை மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கினார். எஞ்சின் உறுமியபடி வண்டியைப் பிடித்து வைத்தது. இரண்டு வளைவுகள் அப்படியே கழிந்தன. மலைப்பக்கமாகச் சற்று அகன்ற இடம் வந்ததும், ஒரே மிதியாக, விடாமல் அழுத்தி நிறுத்தினார். கைப்பிறேக்கை இழுத்துவிட்டுச் சில்லுக்கு அடியில் கல் வைத்த பிறகே பேசினார்.

"பயந்து பயந்து அடிச்சுப் பாத்திருந்தால் அந்த ஒரு மிதியும் முடிஞ்சிருக்கும். பிறகு என்ரை காலாலை இதைப் பிடிக்கேலாது."

பொனற்றைத் திறந்தார். அவ்வெஞ்சினில் அல்ரனேற்றருக்கு அருகருகாக இரண்டு பெல்ற்றுகள். ஒன்று அறுந்து, மற்றதையும் சுற்றி இழுத்துக்கொண்டு போயிருந்தது. இருக்கைக்குப் பின்னால் பழைய சாரத்தில் சுற்றி வைத்திருந்த புதிய இரண்டையும் எடுத்தார். எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, முக்கால் மணித்தியாலத்தில் மாட்டி முடித்தார். அன்று அவர் சொல்லிக்கொண்டே செய்த வேலையைத்தான், அதே வகை எஞ்சின் கொண்ட எனது பழைய பஜேரோவில் நான் இன்றும் செய்து வருகின்றேன். 

அவர் சொன்னவற்றுள் முக்கியமானது இன்னொன்று. பெல்ற் அறுந்தால் வண்டி நின்றுவிடும் என்று பலர் நினைக்கின்றார்கள். நிற்காது. பழைய டீசல் எஞ்சின் எரிவதற்குத் தீப்பொறி வேண்டியதில்லை. பற்றரியில் இருக்கும் மின்சாரமே நீண்ட நேரத்துக்குப் போதும். வண்டி வழக்கம் போல ஓடிக்கொண்டிருக்கும். ஆபத்தே அதுதான். வழியில் நின்றுவிடும் வண்டி எவரையும் கொல்வதில்லை. ஓடிக்கொண்டிருப்பதனாலேயே சாரதி அடுத்த ஊர்வரை போய்விடலாம் என்று நினைக்கின்றார். தண்ணீர்ப் பம்பும் விசிறியும் நின்ற நிலையில் சில நிமிடங்களில் எஞ்சின் கொதிக்கும். 4டி56 எஞ்சினின் தலைப்பகுதி அலுமினியத்தால் ஆனது. அளவுக்கு மீறிச் சூடேறினால் வளையும், வெடிக்கும். சில ஆயிரம் ரூபாய்ப் பெல்ற்றுக்காகப் பல இலட்சம் ரூபாய் எஞ்சின் வேலை வந்து சேரும். அது நட்டம் மட்டுமே. இறக்கத்தில் நடக்கக்கூடியது நட்டக் கணக்கில் அடங்காது.

இங்கே ஒரு மயக்கத்தைத் தீர்த்துவிட வேண்டும். இதே எஞ்சினுக்குள் ரைமிங் பெல்ற் என்று வேறொன்றும் உண்டு. அது மூடிக்குள் மறைந்திருப்பது. எஞ்சினின் உள்ளுறுப்புகளை ஒழுங்காக இயக்குவது. அறுந்தால் எஞ்சின் அந்தக் கணமே நின்று, வால்வுகளும் சேதமடையும். அதை மாற்றுவது கராஜ்காரரின் வேலை. நான் எழுதுவது வெளியே கண்ணுக்குத் தெரியும் பெல்ற்றுகளைப் பற்றி மட்டுமே.

பரிசோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். சாவி சட்டைப்பையில் இருக்க வேண்டும். யாரும் தெரியாமல் ஸ்ராட் செய்துவிடக் கூடாது. சாரத்தோடும் தொங்கும் சால்வையோடும் பொனற்றுக்குள் குனியக்கூடாது. ஒரு டோர்ச் லைற்றும் கையளவு முகம் பார்க்கும் கண்ணாடியும் இருந்தால் நல்லது. 

பழைய வகைப் பெல்ற்றின் குறுக்குவெட்டு ஆங்கில வீ எழுத்தின் வடிவம். அமெரிக்காவில் ஜோன் கேற்ஸ் என்பவர் 1917இல் உருவாக்கிய வடிவமாக இது அறியப்படுகின்றது. இதன் சூட்சுமம் எளிமையானது. பெல்ற் கப்பியின் பள்ளத்துக்குள் ஆப்புப் போல இறங்கி, தனது இரு பக்கங்களாலும் கப்பியின் சுவர்களைப் பற்றிக்கொள்கின்றது. அடிப்பாகம் கப்பியின் தரையைத் தொடவே கூடாது. இதை மனதில் வைத்துக்கொண்டால் எதைப் பார்க்க வேண்டும் என்பது தானாகவே விளங்கும்.

முதலில் அடிப்பக்கம். பெல்ற்றை இரு விரல்களால் பிடித்து மெல்ல முறுக்கினால் அடிப்பக்கமும் பக்கச் சுவரும் தெரியும். குறுக்கே வெடிப்புகள் இருந்தால் அதன் காலம் முடிந்துவிட்டது. இரண்டாவது, பக்கச் சுவர்கள். அவை மங்கலாக இருக்க வேண்டும். மெருகு பூசியதுபோல் பளபளத்தால் பெல்ற் வழுக்கிச் சூடேறியிருக்கின்றது என்று பொருள். மூன்றாவது, ஓரம். நூல் பிரிந்து தொங்கினால் மறு பேச்சின்றி மாற்ற வேண்டும். நான்காவது, பெல்ற் கப்பியில் அமர்ந்திருக்கும் உயரம். மேற்பக்கம் கப்பியின் விளிம்புக்கு ஏறத்தாழச் சமமாக நிற்க வேண்டும். உள்ளே ஆழ இறங்கியிருந்தால் பெல்ற் தேய்ந்திருக்கின்றது, அல்லது கப்பி தேய்ந்திருக்கின்றது. பள்ளத்தின் தரை பளபளத்தால் பெல்ற் அதன்மேல் ஓடியிருக்கின்றது. புதிய பெல்ற் போட்டும் அந்நிலை மாறாவிட்டால் கப்பியை மாற்ற வேண்டும். ஐந்தாவது, எண்ணெய். பெல்ற் ஈரமாகவோ, ஊதி மெதுமெதுப்பாகவோ இருந்தால் எங்கிருந்தோ எண்ணெய் வருகின்றது. வக்கியூம் பம்புக்கு எஞ்சின் எண்ணெய் ஒரு குழாயால் போய் இன்னொரு குழாயால் திரும்புகின்றது; அக்குழாய்களில் கசிவு இருக்கின்றதா என்று பார்க்க வேண்டும். கசிவை நிறுத்தாமல் புதிய பெல்ற்றைப் போடுவது, ஓட்டைக் குடத்துக்குத் தண்ணீர் அள்ளுவதற்கு ஒப்பாகும்.

பெல்ற்றின் முழு நீளத்தையும் பார்க்க வேண்டும் என்பதை மறக்கக்கூடாது. கண்ணில் படும் பகுதி நன்றாக இருக்கும்; கிறாங்க் கப்பிக்கு அடியில் இருக்கும் அரை முழத்தில்தான் வெடிப்பு இருக்கும். சோக்கட்டியால் ஓர் அடையாளம் இட்டு, கிறாங்க் கப்பியின் நடு போல்ற்றில் ஸ்பனரை மாட்டி, எஞ்சின் சுழலும் திசையிலேயே கையால் மெல்லத் திருப்பினால் முழுவதையும் பார்த்துவிடலாம்.

பிறகு இறுக்கம். இரண்டு கப்பிகளுக்கு நடுவே பெருவிரலால் நன்றாக அழுத்திப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ 10 கிலோ பலத்தில் அழுத்தும்போது சுமார் 10 மில்லிமீற்றர் தாழ்வது பொதுவான அளவு. ஒவ்வொரு வண்டிக்கும் உரிய சரியான அளவு அதன் கைநூலில் இருக்கும். தளர்வாக இருந்தால் வழுக்கும். அளவுக்கு மீறி இறுக்கினால் அல்ரனேற்றரினதும் தண்ணீர்ப் பம்பினதும் பெயரிங்குகள் சீக்கிரம் போய்விடும். இறுக்கினால் நல்லதுதானே என்று நினைப்பவர்களே கராஜ்காரருக்கு அதிகம் பிழைப்புக் கொடுப்பவர்கள்.

பெல்ற் சத்தத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காலையில் ஸ்ராட் செய்தவுடன், அல்லது மழைநாளில் விளக்கும் குளிரூட்டியும் போட்டவுடன், பெல்ற் கீச்சிடும். அச்சத்தம் நோய் அல்ல. நோய் இருக்கின்றது என்ற அறிவித்தல். ஆனால் நம்மிற் பலர் அறிவித்தலையே நோயாகக் கருதுகின்றோம். சவர்க்காரத்தைத் தேய்ப்பார்கள், எதையாவது தெளிப்பார்கள். சத்தம் நின்றுவிடும், வழுக்கல் நிற்காது. எண்ணெய்த் தன்மையுள்ள எதுவும் பெல்ற்றை மேலும் வழுக்கச் செய்யும். செய்தி பிடிக்கவில்லை என்பதற்காகச் செய்தி சொல்பவனின் வாயை அடைக்கும் வழக்கத்தை எங்கள் தொழிலில் நெடுங்காலம் பார்த்தவன் நான். அதனால் நிலைமை சீரானதாக ஒரு தடவையேனும் கண்டதில்லை. பெல்ற்றுக்கும் அது பொருந்தும்.

மாற்றும் முறையைச் சுருக்கமாகச் சொல்கின்றேன். முதலில் பற்றரியின் மறைமுனை வயரைக் கழற்ற வேண்டும். அல்ரனேற்றரில் எப்போதும் மின் இணைப்பு இருப்பதால் ஸ்பனர் பட்டால் பொறி பறக்கும். குளிரூட்டிக்கும் பவர் ஸ்ரியரிங்குக்கும் உள்ள பெல்ற்றுகள் வழியில் நிற்குமானால் அவற்றைத் தளர்த்திக் கழற்ற வேண்டும். அல்ரனேற்றரின் கீழே அது அசையும் போல்ற்றையும், மேலே பூட்டும் போல்ற்றையும் இளக்க வேண்டும். முழுவதாகக் கழற்ற வேண்டியதில்லை. சீராக்கும் போல்ற்றைத் திருப்பினால் அல்ரனேற்றர் எஞ்சினை நோக்கிச் சாயும், பெல்ற் தளரும். விசிறியின் இதழ்களைத் தாண்டி ஒவ்வொன்றாக எடுத்து வெளியே கொண்டுவர வேண்டும். றேடியேற்றரின் மெல்லிய தகடுகளில் ஸ்பனரோ கையோ மோதாதிருக்க இடையில் ஒரு கட்டி மட்டையை வைப்பது என் வழக்கம்.

பெல்ற் இல்லாத அந்த நேரம் மிகவும் பெறுமதியானது. எல்லாக் கப்பிகளையும் தனித்தனியே கையால் சுழற்றிப் பார்க்கலாம். சொரசொரவென்று கரகரத்தால் பெயரிங் போகின்றது. தண்ணீர்ப் பம்பின் தண்டை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் இருந்தால், அல்லது அதன் கீழேயுள்ள சிறு துவாரத்தின் அருகே தண்ணீர் காய்ந்த கறை இருந்தால், பம்பையும் சேர்த்து மாற்றுவதே புத்திசாலித்தனம். புதிய பெல்ற்றைப் பழுதான பெயரிங் இரண்டு மாதத்தில் தின்றுவிடும்.

புதியதைப் பழையதோடு ஒப்பிட்டு, அகலமும் நீளமும் சரிதானா என்று பார்த்த பின்னரே மாட்ட வேண்டும். சோடியாக ஓடும் பெல்ற்றுகளைச் சோடியாகவே மாற்ற வேண்டும். ஒன்று பழையது, ஒன்று புதியது என்றால் நீளம் வேறுபடும். சுமை முழுவதையும் புதியதே இழுத்துச் சீக்கிரம் அறுந்துவிடும். ஸ்குறூ டிறைவரால் நெம்பிக் கப்பியில் ஏற்றக்கூடாது. உள்ளேயிருக்கும் நூல் வெளியே தெரியாமல் அறுந்துபோகும். போதிய அளவு தளர்த்தினால் கையாலேயே ஏறும். சீராக்கும் போல்ற்றால் இறுக்கம் வைத்து, இரண்டு போல்ற்றுகளையும் பூட்டி, எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, மீண்டும் இறுக்கம் பார்க்க வேண்டும். புதிய பெல்ற் சற்றே இழுபட்டுக் கப்பியில் படியும். ஆகவே சில நூறு கிலோமீற்றர் ஓடியபின் இன்னொரு தடவையும் பார்ப்பது கட்டாயம். பலர் தவறவிடுவது இந்த இரண்டாவது பார்வையைத்தான்.

புதிய வண்டிகளில் இத்தனை பெல்ற்றுகள் இல்லை. பல வரிகள் ஓடும் தட்டையான, நீண்ட ஒரே பெல்ற் எல்லாக் கப்பிகளையும் பாம்புபோல் வளைந்து சுற்றிச் செல்லும். 1979ஆம் ஆண்டின் போர்ட் மஸ்ராங் காரில் இது வந்தது. பின்னர் உலகம் முழுவதும் பரவியது. பெரும்பாலானவற்றில் ஸ்பிரிங் வைத்த இறுக்கி ஒன்று தானாகவே இறுக்கத்தைப் பார்த்துக்கொள்ளும். அதன் போல்ற்றில் ஸ்பனரை மாட்டித் திருப்பிப் பிடித்தால் பெல்ற் தளர்ந்து கழன்று வரும். கழற்றுமுன் அது செல்லும் வழியைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்துக்கொள்வது அவசியம். தவறான வழியில் மாட்டினால் தண்ணீர்ப் பம்ப் எதிர்த்திசையில் சுழலவும் கூடும்.

இவ்வகைப் பெல்ற்றில் ஒரு பொறி உண்டு. முன்பு அவை வெடித்தன. ஒரு வரியில் மூன்று அங்குல நீளத்துக்குள் மூன்று வெடிப்புகள் தெரிந்தால் மாற்றுவது வழக்கமாக இருந்தது. இப்போது வருபவை ஈபிடிஎம் எனப்படும் செயற்கை இறப்பரால் ஆனவை. அவை எளிதில் வெடிப்பதில்லை. ரயரைப் போலத் தேய்கின்றன. வரிகளுக்கு இடையிலுள்ள பள்ளம் மெல்ல மெல்ல அகலும். வெடிப்பு இல்லை, ஆகவே நல்லது என்று பார்த்தவுடன் சொல்ல முடியாது. பள்ளத்தின் ஆழத்தை அளக்கப் பெல்ற் உற்பத்தியாளர்கள் சிறு பிளாஸ்ரிக் அளவுகோல் தருகின்றார்கள். ஒரு பெல்ற்றால் எல்லாம் இயங்குகின்றது என்றால், அது போகும்போது எல்லாம் ஒருசேரப் போகும் என்பதும் அதன் மறுபக்கமே.

நம் நாட்டில் இக்கவனம் கூடுதலாக வேண்டியதற்கு ஒரு காரணம் இருக்கின்றது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அது மீண்டும் திறக்கப்பட்டது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில், 2022இன் பொருளாதார நெருக்கடியையும் தாண்டி, பழைய வண்டிகளே நாட்டைச் சுமந்தன. முப்பது வயதான பஜேரோக்கள் இன்றும் மலையேறுகின்றன. கொழும்பில் பஞ்சிகாவத்தைக்குப் போனால் எந்த வண்டிக்கும் எந்த உறுப்பையும் வாங்கலாம். பழைய எஞ்சின், பழைய கதவு வாங்குவதில் குற்றமில்லை. பெல்ற்றை மட்டும் பழையது வாங்கக்கூடாது. பெயர் தெரியாத மலிவுச் சரக்கையும் தவிர்க்க வேண்டும். வாங்கி வைக்கும் மேலதிகப் பெல்ற்றை ஆணியில் தொங்கவிடாமல், மடிக்காமல், வெயில் படாமல் வைக்க வேண்டும். வீ வடிவப் பெல்ற் நான்கு வருடத்தைத் தாண்டினால், தோற்றம் நன்றாக இருந்தாலும் நான் அதை நம்புவதில்லை.

கடல் கடந்து வாழும் வாசகர்களுக்குச் சொல்ல ஒன்று இருக்கின்றது. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் குடும்பத்தோடு வருகின்றீர்கள். கட்டுநாயக்காவில் வாடகைக்கு ஒரு வானோ ஜீப்போ ஏறி, யாழ்ப்பாணம் போய், திரும்பும்போது பிள்ளைகளுக்கு நுவரெலியாவையும் காட்டிச் செல்கின்றீர்கள். வண்டியில் குளிரூட்டி வேலை செய்கின்றதா என்று எல்லோரும் கேட்கின்றீர்கள். அதைச் சுழற்றும் பெல்ற்றைப் பற்றி எவரும் கேட்பதில்லை. நுவரெலியாவில் தேநீர் குடித்து முடித்து இறங்கத் தொடங்குமுன், "அண்ணை, ஒருக்காப் பொனற்றைத் திறந்து பெல்ற்றைப் பாப்பமோ?" என்று கேளுங்கள். நல்ல சாரதி அதற்குக் கோபிக்க மாட்டார். தனது தொழிலை மதிக்கும் ஒருவர் வந்திருக்கின்றார் என்று மகிழ்வார். கோபிப்பவராக இருந்தால், அந்த இறக்கத்தில் அவரோடு இறங்க வேண்டுமா என்பதை மலைமேல் நிற்கும்போதே யோசித்துக்கொள்ளலாம்.